பத்து இஞ்ச் உம்

சத்தத்தைக் கண்டுபிடித்து ஒழிப்பதுதான் அவர் வேலை. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம் என்பார். ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்டில் எங்கோ ஒரு முனகல், எங்கே என்று பிடிபடவில்லை என்றால்தான் கம்பெனியில் அவரைத் தேடுவார்கள். அவர் போய், ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு போல்ட்டைக் காட்டுவார். அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு. கம்பெனியில் சேர்ந்த வருடமே உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். நாளாக நாளாக அது தேய்ந்து ‘உம்’ ஆகிவிட்டது. “உம் எங்கப்பா?” “பத்தாவது மாடில.” அவர் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிடுவதற்கு வசதியான பெயர்.

பேஸ் கிட்டாரை அவர் முதன்முதலில் கேட்டது காலால். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு கலையரங்கத்தின் சரக்கு லிஃப்டில் வேலை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, அது ஏறி இறங்கும் இரும்பு ரெயிலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பூட்ஸுக்குள் ஒரு நடுக்கம் ஏறியது. காதில் விழவில்லை, முழங்காலில் விழுந்தது. மோட்டாரில் பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி மேலே போனார். மோட்டாரை அணைத்தார். நடுக்கம் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் தேடிக் கடைசியில் மேடைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒருவர் நாலே நாலு தடித்த கம்பி கட்டிய கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் நெஞ்சுயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

“லிஃப்ட்ல சத்தம் வருதுன்னு தேடுறேன் சார். இதுதானா?”

“சத்தம் இல்லண்ணே. பேஸ்.”

அவர் வாசித்து முடிக்கும்வரை மெக்கானிக் அங்கேயே நின்றார். நிறுத்தவேண்டும் என்று தோன்றாத ஒரு சத்தத்தை அன்றுதான் கேட்டார்.

அந்த வருடமே பழைய பேஸ் ஒன்று வீட்டுக்கு வந்தது. மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். எதையும் கிட்டே வைத்துப் பார்ப்பார்.

“இதுக்கு என்ன பேரு?”

“பேஸ் கிட்டார்.”

“பேசுற கிட்டாரா? நல்லதாப் போச்சு. இந்த வீட்ல அதாவது பேசட்டும்.”

அது பேசவில்லை. எட்டு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி, இரண்டு அறை வீடு. சத்தம் போடக் கூச்சப்பட்டு, ஆம்ப் என்கிற மின்பெட்டியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பத்து வருடம் வாசித்தார். அவர் காதுக்குள் கடல் இரைந்தது. வெளியே கம்பியில் விரல் படும் டிக் டிக் மட்டும். “கோழி கொத்துற மாதிரி இருக்கு” என்றார் மனைவி.

மனைவியின் தம்பி டயர் கடை வைத்திருக்கிறான். டிரம்ஸ் வாசிப்பான். அவனோடு சேர்த்து நாலு பேர் கொண்ட பாட்டுக் குழு. அதில் பேஸ் வாசித்தவருக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. “மாமா, வீட்ல கொத்தினது போதும், கிளம்புங்க” என்று மைத்துனன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போனான்.

டயர் கடையின் பின்பக்கக் கிடங்கில் ஒத்திகை. குழுவுக்குத் தலைவி பாடகிதான். பகலில் நீதிமன்றத்தில் நகல் பிரிவில் வேலை. ஒரு எழுத்து பிசகினாலும் முத்திரை வைக்காத பழக்கம் அவருக்குப் பாட்டிலும் இருந்தது. இரண்டாவது பாட்டின் பாதியில் கையைத் தூக்கினார்.

“லிஃப்ட் சார், வீட்ல எதுல வாசிக்கிறீங்க?”

“ஹெட்ஃபோன்ல.”

“தெரியுது. விரல் பயப்படுது. தூங்குறவங்கள எழுப்பாம நடக்குற மாதிரி வாசிக்கிறீங்க.”

“அக்கா, அவர் நடக்குறதே அப்படித்தான்” என்றான் மைத்துனன்.

“நீ சும்மா இரு.” பாடகி நாட்காட்டியைப் பார்த்தார். “ஆறு வாரத்துல தபால் ஊழியர் மன்றத்து ஆண்டு விழா. பதினாலு பாட்டு. நாலு வாரம் வீட்ல வாசிச்சிட்டு வந்து காட்டுங்க. சரியா இருந்தா நீங்க. இல்லன்னா இவன் கீபோர்டுல இடது கையாலயே பேஸ வாசிச்சிடுவான்.”

கீபோர்டு வாசிப்பவர் இடது கையை உயர்த்தி ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினார். நட்பாகத்தான் செய்தார். ஆனாலும் மெக்கானிக் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மைத்துனனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“ஒருத்தனோட இடது கைக்கெல்லாம் என் இடத்த விட்டுத்தர மாட்டேன் மச்சான்.”

“அப்ப ஸ்பீக்கர் பெட்டி வாங்குங்க மாமா. காத்துல கேட்டாத்தான் கைக்குத் தைரியம் வரும்.”

மறுநாள் அவர் அறையை அளந்தார். பத்துக்குப் பதினொன்று. சுவர்களை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். இடப்பக்கச் சுவருக்குப் பின்னால் கைக்குழந்தை உள்ள வீடு. கீழே, வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வரி ஆலோசகர். எதிர்ச்சுவரில் ஜன்னல். நாலாவது சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட். கீழிருந்து மேல்வரை கிணறு மாதிரி வெற்றுப் பாதை. அங்கே ஆள் கிடையாது. தாளில் அந்தச் சுவருக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

“வேலைக்குப் போனாலும் பெட்டி, வீட்டுக்கு வந்தாலும் பெட்டி” என்றார் மனைவி. “என் பீரோ மட்டும் ஆடக்கூடாது. சொல்லிட்டேன்.”

இசைக்கருவிக் கடைக்காரர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். எதையும் கத்தித்தான் சொல்வார்.

“வீட்டுக்கா, மேடைக்கா?”

“வீட்டுக்கு.”

“பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா?”

“கைக்குழந்தை இருக்கு.”

“அப்ப நல்லவரா இருக்க முடியாது. சின்னதா எடுங்க.”

மெக்கானிக் பேஸையும் ஆம்ப்பையும் கையோடு கொண்டுபோயிருந்தார். ஆம்ப்புக்கு ஏற்ற மின்தடை எட்டு ஓம் என்று அதன் முதுகில் எழுதியிருந்ததைக் காட்டினார். கடைக்காரர் நாலு ஓம் பெட்டிகளையெல்லாம் ஓரங்கட்டினார். “இதுல மாட்டினா உங்க ஆம்ப் மூச்சு வாங்கியே செத்துப்போகும்.” மிச்சம் நாலு பெட்டி.

முதல் பெட்டிக்குள் பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நாலு. ஒரு கம்பியை மீட்டியதும் கடையில் தொங்கிய கிட்டார்கள் எல்லாம் சேர்ந்து முனகின. இதை உள்ளே வைத்தால் அவரும் மனைவியும் வெளியே படுக்கவேண்டியதுதான். இரண்டாவதில் பதினைந்து இஞ்ச் ஒன்று. ஆழம் இருந்தது, சுறுசுறுப்பு இல்லை. கடைக்காரரே சொன்னார்: “இவன் தூங்கி எந்திரிச்சுத்தான் வருவான்.” மூன்றாவதில் பன்னிரண்டு இஞ்ச். பின்பலகையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. நாலாவது முழங்கால் உயரம்தான். பத்து இஞ்ச் ஒன்று, ஓட்டை எதுவும் இல்லாமல் எல்லாப் பக்கமும் மூடியது. அதில் வாசித்தால் யாரோ கதவைத் தட்டுவது போல வறட்டுச் சத்தம் வந்தது. தட்டியது தட்டியபடி நின்றது.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு பெட்டியிலும் வைத்துக் கேட்டார்.

“டாக்டர், பேஷன்டுக்குக் காய்ச்சல் எவ்வளவு?”

அவர் மூன்றாவது பெட்டியின் ஓட்டையில் உள்ளங்கையை வைத்தார். காற்று வந்து மோதியது.

“இது எதுக்கு?”

“அது வழியாத்தான் அடிச்சத்தம் வருது. சின்னப் பெட்டி, பெரிய பெட்டி மாதிரி பேசும். ஆனா வீட்டுக்குன்னா நான் அந்த மூடின பத்து இஞ்ச்தான் சொல்வேன். இதுக்குப் பின்னாடி சுவர் இருந்தா சுவரும் சேர்ந்து பேசும்.”

“எங்க சுவருக்குப் பின்னாடி லிஃப்ட் ஷாஃப்ட். ஆள் கிடையாது.”

“அப்ப நீங்க ராஜா.”

முன்னால் வருவது எனக்கு, பின்னால் போவது யாருக்கும் இல்லை. இருபத்தாறு வருடம் ஷாஃப்டுக்குள் நின்ற மனிதர் போட்ட கணக்கு அது. பன்னிரண்டு இஞ்ச் பெட்டி வீட்டுக்கு வந்தது. அதன் முதுகு ஷாஃப்ட் சுவரைப் பார்க்க உட்கார்ந்தது.

எதையும் சோதிக்காமல் விடுகிறவர் அல்ல. மனைவி கையில் பேஸைக் கொடுத்து, தடித்த மேல் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றார். குழந்தை தூங்கியது. கீழ் வீட்டுக்குப் போனார். வரி ஆலோசகர், “என்ன சத்தம்? ஒண்ணும் இல்லயே” என்றார். திரும்பி வந்தபோது மனைவி விரலை ஊதிக்கொண்டிருந்தார். “லென்ஸ் மாட்டுற விரலு இது. ஞாபகம் இருக்கட்டும்.”

ஷாஃப்டுக்குள் போய்க் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

தினமும் மாலை ஆறரையிலிருந்து ஏழரை. மூன்று வாரம். ஒரே ஒரு சுரத்துக்கு பீரோ கதவு நடுங்கியது. இடுக்கில் பழைய சட்டையைச் சொருகினார்கள். மற்றபடி சத்தம் சுவரோடு சேர்ந்து பெருகி, அறை முழுக்க வெதுவெதுப்பாக நின்றது. பத்து வருடம் காதுக்குள் அடைந்து கிடந்தது இப்போது நெஞ்சில் இடித்தது. பதினோரு பாட்டு கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தார். “இப்பத்தான் பேசுது” என்றார் மனைவியும்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை, கம்பெனியில் மேற்பார்வையாளர் ஒரு புகார்ச் சீட்டை நீட்டினார்.

“என்னய்யா உம், ஊரெல்லாம் போய்க் காது வைக்கிற. உன் வீட்டு வாசல்ல என்ன நடக்குதுன்னு கேக்கலயா?”

கட்டடம் அவர் குடியிருப்பது. புகார் கொடுத்தவர் ஐந்தாம் மாடி கணக்கு டீச்சர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். கையெழுத்து கரும்பலகையில் எழுதியது போல நிமிர்ந்து நின்றது.

‘தினமும் மாலை ஆறரை முதல் ஏழரை வரை லிஃப்ட் பாதையிலிருந்து உம் என்று ஒரு சத்தம். பதினெட்டு நாட்களாகக் கவனித்துவருகிறேன். எட்டுச் சுற்று ஒழுங்காக வருகிறது. ஒன்பதாவது சுற்றில் தடுக்குகிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து. பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கலாம். உயிர்ச்சேதம் ஏற்படுமுன் கவனிக்கவும்.’

முதல் தடவை படித்ததும் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். கலையரங்கத்தில் பூட்ஸுக்குள் ஏறிய நடுக்கம் ஞாபகம் வந்தது. ஆள் இல்லாத ஷாஃப்ட்தான். ஆனால் அதில் கீழிருந்து மேல்வரை இரும்பு ரெயில் ஓடுகிறது. பெட்டியின் ஓட்டையை அதற்கு நேராக, வாயில் குழாய் வைப்பது போல வைத்துவிட்டு மூன்று வாரமாக ஊதிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டாவது தடவை படித்தபோது வேறொன்று உறைத்தது. ஒன்பதாவது சுற்று.

அது மூன்றாவது பாட்டு. எட்டுச் சுற்று கை ஒரே இடத்தில் நிற்கும். ஒன்பதில் இடது கை கிட்டாரின் கழுத்தில் ஐந்து கட்டை மேலே ஏறவேண்டும். ஏறுகிறது என்றுதான் நினைத்திருந்தார். சுவர் போட்ட முழக்கத்தில் அந்த இடைவெளி அவர் காதுக்கே விழவில்லை. இரண்டு மாடி தள்ளி, பேஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் பதினெட்டு நாளாக அதை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சீட்டின் அடியில் ‘செய்த வேலை’ என்று ஒரு கட்டம். எண்ணெய் விடப்பட்டது என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு, வீட்டில் பெட்டியை இடம் மாற்றினால் போதும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவைத் திறந்தார். மூடினார். சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை கட்டடத்துக்குள் நுழைந்தபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பை நிறைய நோட்டுகள். ஒரு கை முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தது.

“லிஃப்ட் ஓடுதே டீச்சர்?”

“ஓடுது. எதுவரைக்கும் ஓடும்னு யாருக்குத் தெரியும்? போன வருஷம் நாப்பது நிமிஷம் உள்ள மாட்டிக்கிட்டேன். அதுக்கு முந்தின வாரமும் ஏதோ சத்தம் கேட்டுச்சு, நான்தான் கண்டுக்கல. இந்தத் தடவ ஏமாற மாட்டேன். மூட்டு திட்டுது, திட்டட்டும்.”

“எத்தன நாளா படி ஏறுறீங்க?”

“அதான் எழுதியிருக்கேனே. பதினெட்டு நாள்.”

அவர் ஒரு படி கீழே நின்றார். சங்கச் செயலாளர் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும், பெட்டி அத்தோடு வாயை மூடிவிடும். பாடகியிடம் வாசித்துக் காட்ட இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. கீபோர்டுக்காரரின் ஐந்து விரலும் கண்முன் ஆடின.

“டீச்சர், அது லிஃப்ட் இல்ல.”

“பின்ன?”

“நான்.”

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? நீங்க வாய் திறந்தே இந்தக் கட்டடத்துல யாரும் கேட்டதில்லயே.”

அவர் பேஸைப் பற்றிச் சொன்னார், பெட்டியைப் பற்றிச் சொன்னார், சுவரைப் பற்றிச் சொன்னார். ஒரு மாதத்துக்கான பேச்சு அங்கேயே செலவாகிவிட்டது. டீச்சர் நம்பவில்லை. “கம்பெனிக்காரங்க எல்லாரும் இப்படித்தான். ஏதாவது கத சொல்லி லிஃப்டுக்குள்ள ஏத்திவிடப் பாப்பீங்க. நிரூபிச்சுக் காட்டுங்க.”

மறுநாள் மாலை மைத்துனனை வரவழைத்துப் பேஸைக் கையில் கொடுத்தார். மேல் கம்பியை மட்டும் தட்டினால் போதும். பெட்டி அதே இடம், அதே ஓட்டை. அவரும் டீச்சரும் தரைத்தளத்தில் லிஃப்டுக்குள் ஏறினார்கள். டீச்சர் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் மைத்துனனுக்கு ஃபோனில் ஒரு மணி அடித்துவிட்டு வைத்தார்.

மேலே எங்கோ உம் என்று தொடங்கியது.

“இதேதான்! இதேதான்!” என்று டீச்சர் கண்ணை மூடினார்.

லிஃப்ட் ஏறியது. சத்தம் பருத்துக்கொண்டே வந்தது. மூன்றாம் மாடியில் தரைப் பலகையே உறுமியது. நாலில் இளைத்தது. ஐந்தில் வெறும் உம். மறுபடி கீழே வந்தார்கள். மூன்றில் பருத்தது, ஒன்றில் இளைத்தது. டீச்சர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றொன்றையும் திறந்தார். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

“தடுக்கலயே. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் ஒண்ணு போலத்தான் வருது.”

“இது என் மச்சான். அவனுக்கு ஒரு கம்பிதான் தெரியும்.”

“அப்ப தடுக்குறது நீங்கதானா?”

“ஆமா டீச்சர்.”

டீச்சர் கைப்பிடியை விட்டார். பயம் போன இடத்தில் கோபம் வந்தது. “மூணு வாரம். அஞ்சு மாடி. இந்தக் காலோட. நான் நோட்டீஸ் போட்டா வாசிக்கிறத நிறுத்திடுவீங்கல்ல?”

“சத்தத்த நிறுத்துறேன். வாசிக்கிறத நிறுத்த மாட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல டீச்சர். வேற வேற.”

அவர் குரலில் கெஞ்சல் இல்லை. டீச்சருக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. “சனிக்கிழமை ஆறரைக்கு இதே லிஃப்ட்ல நிப்பேன். உம்னு ஒரு எழுத்து கேட்டுச்சுன்னா நோட்டீஸ்” என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்.

புதன்கிழமை பன்னிரண்டு இஞ்ச் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் தெருமுனையிலேயே பார்த்துவிட்டார்.

“என்ன ராஜா, கோட்டை விட்டுட்டீங்களா?”

“அந்த மூடின பத்து இஞ்ச் இருக்கா?”

“இருக்கு. நான்தான் அன்னிக்கே தொண்ட கிழியச் சொன்னேனே.”

போன தடவை அவர் பெட்டிகளுக்கு முன்னால் நின்று கேட்டார். இந்தத் தடவை கடைக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். பின்பலகையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். பக்கவாட்டில் வைத்தார். பூட்ஸைக் கழற்றி உள்ளங்காலைத் தரையில் பதித்தார். அதே சோதனையைப் பன்னிரண்டு இஞ்சுக்கும் செய்தார். கடைக்கு வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

“எல்லாரும் பெட்டியோட மூஞ்சியப் பாப்பாங்க. இவர் முதுகு சொறியறார்” என்று கடைக்காரர் அவர்களிடம் கத்தினார்.

பன்னிரண்டு இஞ்சின் முதுகு பேசியது. பத்து இஞ்சின் முதுகு வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. ஆனால் முன்னால் வந்து கேட்டால், மேல் கம்பியின் ஆழத்தில் பாதி இல்லை. நெஞ்சில் இடிக்கவில்லை. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்காரர் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆசைக்குப் பன்னிரண்டு. பழகுறதுக்குப் பத்து. எது வேணும்?”

“பத்து.”

லிஃப்ட் மோட்டாரின் அடியில் தடித்த ரப்பர் கட்டைகள் இருக்கும். மோட்டாரின் நடுக்கம் கட்டடத்துக்குள் இறங்காமல் அவைதான் தாங்கும். கழித்துப்போட்ட கட்டைகளில் எட்டை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிவந்தார். ஷாஃப்ட் சுவரை விட்டு அறையின் நடுவில் அவற்றில் நாலைப் பரப்பி, பெட்டியை மேலே வைத்து, ஸ்பீக்கர் அவர் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்தார். அதற்குக் கட்டிலை நகர்த்தவேண்டியிருந்தது.

“இன்னும் கொஞ்ச நாள்ல நான் ஷாஃப்டுலதான் படுக்கணும்” என்றார் மனைவி. ஆனால் கட்டிலின் மறுமுனையைத் தூக்கியதும் அவர்தான்.

பிறகு மெக்கானிக், மூன்று வாரத்துக்கு முன்பே செய்திருக்கவேண்டியதைச் செய்தார். லிஃப்டை நிறுத்தி, மூன்றாம் மாடிக்கு நேராக லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றார். வீட்டில் மனைவி கம்பியைத் தட்டினார். கால் வழியாக லேசாக ஒரு பூனை உறுமல் ஏறியது. இறங்கி வந்து ரப்பர் கட்டைகளுக்குக் கீழே இன்னொரு வரிசை வைத்தார், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். மறுபடி ஏறினார். நாலாவது தடவை ஏறியபோது பூட்ஸுக்குள் வெறும் கால்தான் இருந்தது.

வாசிக்க உட்கார்ந்ததும் பத்து இஞ்ச் பெட்டி அவர் மானத்தை வாங்கியது. முழக்கம் போய்விட்டதால் மறைவதற்கு இடமில்லை. எட்டுச் சுற்று முடிந்தது. ஒன்பதில், மாடிப்படியில் ஒரு படி இல்லாதது போலத் தொப்பென்று ஒரு வெறுமை. இதைத்தான் டீச்சர் கேட்டிருக்கிறார்.

அவர் அதை ஒரு பழுது போலவே தேடினார். வலது கையில் கோளாறு இல்லை. கட்டை சரி. கம்பி சரி. கடைசியில் கண்ணில் அகப்பட்டது: மேலே ஏறுமுன் இடது கை ஒரு நொடி முன்கூட்டியே கம்பியை விட்டுவிட்டுப் போகிற இடத்தைத் தேடியது. லிஃப்ட் ஒருபோதும் மாடியைத் தேடாது. ஏறும்போதே அதற்கு இடம் தெரியும். இரண்டு அடி முன்னாலிருந்து வேகத்தைக் குறைத்து, தரைக்குத் தரை ஒட்டி நிற்கும். ஹெட்ஃபோனில் பழகிய கைக்கு அந்த நம்பிக்கை இல்லை.

முதல் எட்டுச் சுற்றை விட்டார். ஒன்பதை மட்டும் வாசித்தார். மெதுவாக. இன்னும் மெதுவாக. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதே.

“அந்த ஒன்பதாவது உங்க கால்ல விழுந்து கெஞ்சுது, விட்டுடுங்க” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

அவர் விடவில்லை.

சனிக்கிழமை ஏழே காலுக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் டீச்சர், கையில் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு.

“முக்கால் மணி நேரமா லிஃப்ட்ல ஏறி இறங்குறேன். நாலாவது மாடிப் பிள்ளைங்க சிரிக்குதுங்க. இன்னிக்கு வாசிக்கலயா நீங்க? என்னை ஏமாத்துறதுக்குச் சும்மா உக்காந்திருக்கீங்களா?”

“ஆறரையிலேர்ந்து வாசிக்கிறேன் டீச்சர்.”

டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார். அறை நடுவில் ரப்பர்மேல் சாய்ந்திருந்த முழங்கால் உயரப் பெட்டியைப் பார்த்தார். “இதுவா என்னை மாடி ஏத்தினது?”

“அது பெருசு. இது வேற.”

“வாசிங்க பாப்போம்.”

அவர் மூன்றாவது பாட்டைத் தொடங்கினார். டீச்சர் நின்றபடியே விரல்விட்டு எண்ணினார். ஐந்து. ஆறு. மனைவி கரண்டியோடு வந்து கதவோரம் நின்றார். ஏழு. எட்டு. அவர் கையைப் பார்க்கவில்லை. கை ஏறியது. ஒன்பது, தரைக்குத் தரை ஒட்டி நின்றது.

டீச்சர் எண்ணுவதை நிறுத்தவில்லை. பதினாறுவரை போய்விட்டுத்தான் விரலை மடக்கினார்.

“உடைஞ்ச பல்லக் கட்டியாச்சு போல” என்றார். படிப்பக்கம் திரும்பியவர், நின்று, லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை டயர் கிடங்கு. ஹெட்ஃபோன் இல்லாமல் நாலு வாரம் வாசித்த கை. முதல் பாட்டில் பாடகி கையைத் தூக்கவில்லை. இரண்டாவதிலும் தூக்கவில்லை. மூன்றாவதில் ஒன்பதாவது சுற்று வந்தபோது, பாடிக்கொண்டே திரும்பி ஒரு தடவை அவர் இடது கையைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“மூணு பாட்டு இன்னும் பாக்கி இருக்கு லிஃப்ட் சார். ரெண்டு வாரம்தான் இருக்கு.”

“வந்துடும்.”

பாடகி கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பினார். “தம்பி, உன் இடது கைய உன் வேலைக்கே வச்சுக்க.”

மைத்துனன் டிரம்ஸில் ஒரு தட்டு தட்டினான். மெக்கானிக்கின் முகம் வழக்கம்போல உம்மென்றே இருந்தது.

திங்கட்கிழமை காலை புகார்ச் சீட்டைப் பூர்த்திசெய்து கொடுத்தார். மேற்பார்வையாளர் அதைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

‘காரணம்: மெக்கானிக். செய்த வேலை: பெட்டி மாற்றப்பட்டது.’

“என்னய்யா இது? லிஃப்ட் பெட்டியவா மாத்தின?”

“இல்ல. என்னோடத.”

மேற்பார்வையாளருக்கு ரப்பர் கட்டை ஞாபகம் வந்தது. ஓரளவு புரிந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

“அப்ப இனிமே அங்க சத்தமே இருக்காதுல்ல?”

“இருக்கும்” என்றார் அவர். “மூணாவது மாடியோட நின்னுடும்.”